386-ஆம் எபிசோடின் குரல்

அத்தியாயம் 17

சனிக்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு மறுஒளிபரப்பு ஓடிக்கொண்டிருந்தது. ஷோபனா ஈரக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்தபடி வந்து ரிமோட்டை எடுத்தாள். இருபத்திரண்டில் இருந்த சத்தத்தைப் பதினாலுக்கு இறக்கினாள்.

"என் குரல நானே இவ்ளோ சத்தமா கேக்கணுமா? பதினாலு போதும். கள்ளிக்குப்பம் பூராவும் ஒலிபரப்பாதீங்க."

"தெரியட்டுமே, அது யாரு குரல்னு," என்றார் அவள் கணவர் குணசேகரன்.

"தெரிஞ்சி? கடைக்காரன் கறிவேப்பிலைய ஒரு கொத்து சேர்த்துப் போடுவானா? மாடியில துணி காஞ்சிருக்கும், எடுத்துட்டு வந்துடறேன். ஏத்திடாதீங்க."

படியேறிப் போனாள். எபிசோடு முடிந்தது, விளம்பரம் முடிந்தது, அடுத்த தொடரின் பாட்டும் வந்தது. அவள் இறங்கி வரவில்லை.

மாடியில் அவர் பார்த்ததை இந்தத் தொடரின் முதல் வாரத்திலேயே படித்தவர்களுக்கு மறுபடி சொல்ல வேண்டாம். மூளையில் ஒரு நரம்பு வெடித்துவிட்டது என்றார் டாக்டர். கொடியில் மூன்று துணி மிச்சமிருந்தது. மற்றதெல்லாம் அவள் தோளில் இருந்தது. அது ஆகஸ்ட் பதினாறு.

ஏழு மாதம் ஆயிற்று. இன்று செவ்வாய்க்கிழமை.

ஆவடி டாங்கி ஃபாக்டரிக்குப் போக வேண்டிய குணசேகரன் அரை நாள் லீவு போட்டுவிட்டு, லுங்கியோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். எதிரே ஸ்டூலில் ஒரு படிவம். தலைப்பில் 'சின்னத்திரை விமர்சகர் மன்றம்' என்று போட்டிருந்தது. மாலை ஐந்து மணிக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும்.

இருபத்திரண்டு வருஷம் யார் யாருக்கோ குரல் கொடுத்தவள் ஷோபனா. மைசூர்ப் பெண்ணும் மும்பைப் பெண்ணும் வாயசைக்க, அம்பத்தூர்ப் பெண் பேசுவாள். கடைசி மூன்று வருஷமாக 'ஈரக்கோலம்' தொடரின் நாயகி அமுதாவுக்கு அவள்தான் டப்பிங். அத்தனை வருஷத்தில் ஒரு விருதுப் பட்டியலிலும் அவள் பெயர் வந்ததில்லை. போன வெள்ளிக்கிழமைதான் முதல்முறையாக வந்தது. 'சிறந்த பின்னணிக் குரல்: ஷோபனா குணசேகரன், ஈரக்கோலம், எபிசோட் 386.' குணசேகரன் தன் செக்ஷன் முழுக்க ஜாங்கிரி கொடுத்தார். ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

386 என்ற எண்ணை மற்றவர்கள் அவருக்குச் சொல்ல வேண்டியதே இல்லை. ஆகஸ்ட் பதினைந்து, ஃபாக்டரி லீவு. அவரே பைக்கில் முகப்பேர் ஸ்டூடியோவில் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவந்தார். வெளியே வந்ததும் ஷோபனா சொன்னாள்: "இன்னிக்கு ஒரு அழுகை அழுதேன் பாருங்க, சவுண்டு பாக்கற ஜஸ்டினே கண்ணாடியக் கழட்டித் துடைச்சான்." அடுத்த நாள் அவள் இல்லை. அந்த எபிசோடு ஆகஸ்ட் இருபத்தைந்தில் ஒளிபரப்பானது.

அவளுடைய கடைசிக் குரல் அது. அந்தக் காட்சியைப் போனில் வைத்திருந்தார். தினமும் காலையில் காபி டம்ளரோடு ஒருமுறை கேட்பார். மாமியார் வாசலில் நின்று வெளியே போ என்கிறாள். அமுதா நாற்பது விநாடி அழுகிறாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொல்கிறாள்: "நான் கிளம்பல அத்தை. இந்த வீட்டுல எனக்கு வேலை இருக்குது."

*நான் கிளம்பல.* இதைக் கேட்டுவிட்டுத்தான் ஏழு மாதமாக அவர் செருப்பு மாட்டினார்.

வாசலில் ஷேர் ஆட்டோ நின்ற சத்தம். திருவேற்காட்டிலிருந்து அவருடைய அக்கா சரசா, கருமாரியம்மன் குங்குமமும் முறுக்குப் பொட்டலமுமாக உள்ளே வந்தாள். வந்தவள் உட்காரக்கூட இல்லை.

"இன்னாடா குணா, ஊட்ல இம்மாம்பெரிய விசேஷம் நடந்துகினு கீது, நீ லுங்கியோட குந்திகினு கீற?"

"அதான் வெள்ளிக்கிழமையே சொன்னேனே அக்கா."

"வெள்ளிக்கிழம சொன்னது உம் பொண்டாட்டி பேரு. நான் சொல்றது உம் பொண்ணு பேரு. நேத்து சாயங்காலம் வந்துகீது. எதுர்த்த ஊட்டு நாகவல்லி வாட்ஸப்புல அனுப்பிச்சா. இந்தா, அவ பையன் பேப்பர்ல எடுத்துக் குடுத்தான், கண்ணாடி இல்லாம படிக்கிற மாதிரி."

குணசேகரன் காகிதத்தை வாங்கினார். 'சின்னத்திரைத் தொழிற்கலைஞர் பேரவை.'

விமர்சகர் மன்றத்தில் ஓட்டுப்போடுவது பத்திரிகைக்காரர்கள், நாற்பது பேர். பேரவையில் ஓட்டுப்போடுவது தொழில் செய்கிறவர்கள்: கேமரா, எடிட்டிங், மேக்கப், டப்பிங் என்று இரண்டாயிரம் பேர். ஒருகாலத்தில் ஒரே அமைப்பாக இருந்து, ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மேடையில் யார் முதலில் பேசுவது என்ற சண்டையில் பிரிந்தார்கள். அன்றிலிருந்து ஒருவர் பட்டியலை வெளியிட்ட மூன்றாம் நாள் மற்றவர் வெளியிடுவார். ஒருவர் நிழல் மற்றவர் மேல் விழாது.

இந்த வீட்டுக்கு அது வருஷாவருஷம் திருவிழா. ஷோபனா இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பாள். குணசேகரன் ஃபாக்டரிப் பென்சிலால் குறி போடுவார். இரண்டிலும் இருந்தால் நீலம், ஒன்றில் மட்டும் இருந்தால் சிவப்பு. ஷோபனாவுக்கு ஒரு சித்தாந்தம் இருந்தது: "ரெண்டுலயும் பேரு வந்தவனுக்கு ரெண்டுலயும் கிடைக்காது. அவங்க குடுத்துடுவாங்கன்னு இவங்களும், இவங்க குடுத்துடுவாங்கன்னு அவங்களும் விட்டுடுவாங்க. கல்யாணத்துல ரெண்டு பக்கமும் சாப்பிடாம வந்த தாய்மாமன் மாதிரி." பத்துக்கு எட்டு தடவை அவள் சொன்னதே நடந்தது.

இந்த வருஷப் பேரவைப் பட்டியலில், அதே பிரிவில், நாலாவது வரி: 'வித்யா குணசேகரன், ஈரக்கோலம்.'

அவருக்கு நெஞ்சு நிறைந்தது. மகள் அம்மாவின் இடத்துக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. பகலில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஐ.டி. வேலை, மாலையில் ஸ்டூடியோ. அம்மா போனபின் தொடர்க்காரர்கள் அமுதாவை மாடிப்படியில் உருட்டிவிட்டுப் பத்து எபிசோடு மயக்கத்திலேயே படுக்கவைத்தார்கள். காரியம் முடிந்து வித்யா மைக் முன் நின்ற பிறகுதான் அமுதா கண் திறந்தாள். குரல் மாறியது என்று ஊரில் ஒருவரும் சொல்லவில்லை.

"இந்தப் பொண்ணு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே," என்றபடி நீலப் பென்சிலைத் தேடினார். இரண்டு பட்டியலையும் ஸ்டூலில் பக்கம் பக்கமாக வைத்தார். விரலை வரியோடு ஓட்டினார். மன்றம்: எபிசோட் 386. பேரவை: எபிசோட் 386. பதிவு நாள், ஆகஸ்ட் 21.

பென்சில் நின்றுவிட்டது.

"இன்னாடா?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா மூஞ்சி அப்டி போவுது? சரி, டிவியப் போடு. நேத்து வுட்டத இப்ப போடுவான்." சரசா ரிமோட்டை அழுத்தினாள். "ஐயே, ஒண்ணுமே கேக்கல. ஏத்துடா."

"கேக்கும். கிட்ட வந்து குந்து," என்றவர் எழுந்து சட்டையை மாட்டி, இரண்டு பட்டியலையும் படிவத்தையும் எடுத்துக்கொண்டார்.

பேரவைக்காரர்கள் ஸ்டூடியோ ரிஜிஸ்தரைப் பார்த்துதான் பெயர் எடுப்பார்கள். யார் எந்தத் தேதியில் எந்த எபிசோடுக்கு மைக் முன் நின்றார் என்பது அதில் இருக்கும். மன்றத்துக்காரர்கள் திரையில் ஓடும் பெயர்களைப் பார்த்து எழுதுவார்கள். அந்தப் பெயர்களை மாதத்துக்கு ஒருமுறைதான் மாற்றுவார்கள் என்று ஷோபனாவே பலமுறை திட்டியிருக்கிறாள். இரண்டில் எது பொய் சொல்லாது என்று, ஃபாக்டரியில் தரம் பார்க்கும் இன்ஸ்பெக்டரான குணசேகரனுக்குத் தெரியும்.

இருந்தும் பைக்கை உதைக்கும்போது, எதிலோ தப்பு அச்சாகியிருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டார். முப்பத்தொரு வருஷமாக இரும்பைத் தட்டிப் பார்த்துச் சத்தத்தை வைத்தே உள்ளே விரிசல் இருக்கிறதா என்று சொல்கிறவர் அவர். அந்தக் காதுக்கா ஷோபனா குரல் தெரியாது?

*

எஸ்டேட்டில் வித்யாவின் ஆபீஸ் வாசலுக்கு எதிரே வேம்புலியின் டீக்கடை. மதியச் சாப்பாட்டு நேரத்துக்குக் கழுத்தில் அடையாள அட்டையோடு கூட்டம் நின்றது. வித்யா சாலையைக் கடந்து வரும்போதே அப்பாவின் கையில் மடித்திருந்த காகிதத்தைப் பார்த்துவிட்டாள்.

"அத்தை வந்தாங்களா?"

"வந்தா."

"நெனச்சேன். நாகவல்லி அக்கா போன்ல இருந்து ஒண்ணும் தப்பாது."

"ரெண்டு டீ, வேம்புலி. ஒண்ணு சக்கர கம்மி." குணசேகரன் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். "ஆகஸ்ட் இருபத்தொண்ணு. உங்கம்மா போயி அஞ்சாம் நாளு. மத்தியானம் எங்க போன?"

"ஆபீஸ்ல லாப்டாப் எடுக்க."

"எடுத்தியா?"

"எடுத்தேன்." வித்யா டீ கிளாஸைப் பார்த்தாள். "போற வழியில."

பக்கத்தில் ஒருவன் போனில் யாரிடமோ, 'வந்துகினே கீறேன் மச்சான்' என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது வடையை எடுத்தான்.

"சொல்லு."

"சேனல்ல இருந்து பதினெட்டாம் தேதி வசனத்த மாத்திட்டாங்க நைனா. அமுதா வீட்ட விட்டுப் போறதா இருந்துச்சு. போனா ரேட்டிங் இறங்கிடும், இருக்கட்டும்னு சொல்லிட்டாங்க. படம் எடுத்தாச்சு, அத மாத்த முடியாது. வசனத்த மட்டும் மாத்தணும். ஒளிபரப்புக்கு ஒரு வாரந்தான். ஜஸ்டின் அண்ணன் எனக்குப் போன் பண்ணி, 'வேற யாராச்சும் பேசுனா அக்காவ அழிச்ச மாதிரி ஆயிடும்மா'ன்னாரு. அதான் போனேன்."

"எங்கிட்ட?"

"சொல்லத்தான் இருந்தேன். இருபத்தஞ்சாம் தேதி நீ அதப் பாத்தியே. பாத்துட்டு, 'பாத்தியாம்மா, உங்கம்மா போகமாட்டேன்னு சொல்லிட்டா'ன்னு எங்கிட்டயே சொன்ன. மறுநாள் காலைல காபியோட திரும்பக் கேட்ட. அதுக்கு மறுநாளும். நான் எப்ப சொல்றது? 'நைனா, அது அம்மா இல்ல, நான்'னு உங்கையில டம்ளர் இருக்கும்போதா, கீழ வெச்சப்புறமா?"

குணசேகரனுக்குக் காதுக்குள் வெப்பமாக இருந்தது. கோபமா வெட்கமா என்று பிரிக்கத் தெரியவில்லை. இருநூறு தடவை கேட்டிருப்பார். தட்டித் தட்டிக் கேட்டதில் ஒருமுறைகூட விரிசல் தெரியவில்லை. காது பாதிதான் கேட்டிருக்கிறது. மிச்சத்தைக் கேட்டது அவருடைய ஆசை.

"சரி, அது போவட்டும். உம் பேரு வந்ததையாச்சும் சொல்லியிருக்கலாமில்ல?"

வித்யா வேறு பக்கம் பார்த்தாள்.

"இன்னா பண்ண?"

"பேரவைக்கு மெயில் போட்டுட்டேன். காலைல ஒம்போது மணிக்கு. என் பேர எடுத்துடுங்கன்னு."

"எதுக்கு?"

"ரெண்டு பட்டியல்லயும் அதே எபிசோடு, வேற வேற பேரு. நம்ம வீட்டுல மட்டுமா பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாப்பாங்க? யாராச்சும் கேப்பாங்க. ஒண்ணு இல்லன்னா ஒருத்தரும் கேக்கமாட்டாங்க. அம்மாவுக்கு வந்துடும். இருபத்திரண்டு வருஷம் நைனா. எனக்கு இன்னும் வயசு இருக்குது."

"பெரிய மனுஷி," என்றார் குணசேகரன். "போனப் போடு ஜஸ்டினுக்கு. அன்னிக்கு எடுத்தத வெச்சிகீறானான்னு கேளு."

"எத?"

"உங்கம்மா பேசுனத."

வித்யா நிமிர்ந்தாள். "வேணாம் நைனா. அதுல அம்மா…"

"இன்னா சொல்றா அதுல?"

அவள் போனை எடுத்தாள்.

*

முகப்பேரில் ஒரு வீட்டின் முதல் மாடிதான் ஸ்டூடியோ. செருப்பை வெளியே விட்டு, போனைச் சத்தமில்லாமல் வைக்க வேண்டும். வளையல் போட்டவர்கள் அதையும் கழற்றி ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட வேண்டும், மைக்கில் சத்தம் விழும் என்று. கூடையின் அடியில் யாரோ மறந்த ஒரு ஹேர்பின் கிடந்தது. ஷோபனாவுடையதாக இருக்குமோ என்று பார்த்தார். இல்லை. அவள் கொண்டை போடுகிறவள் இல்லை.

சவுண்ட் இன்ஜினீயர் ஜஸ்டின் எழுந்து நின்றான். முப்பத்தைந்து வயசு, தடித்த கண்ணாடி. ஷோபனாவை அக்கா என்று கூப்பிட்டதால் குணசேகரன் அவனுக்கு அண்ணன்.

"அண்ணே, நானே வந்து சொல்லணும்னு இருந்தேன்."

"இருந்த, வரல. அது கெடக்கட்டும். போடு."

"எது முதல்ல?"

"அவளோடது."

வித்யா கதவோரம் நின்றுகொண்டாள். திரையில் அமுதா வந்தாள். வாசல், மாமியார், நீட்டிய விரல். பிறகு அந்த நாற்பது விநாடி அழுகை. குணசேகரன் கண்ணை மூடிக்கொண்டார். முகத்தைத் துடைக்கும் அந்த இடைவெளி வந்தது. பிறகு ஷோபனா சொன்னாள்:

"நான் கிளம்பறேன் அத்தை. இந்த வீட்டுல எனக்கு வேலை முடிஞ்சுது."

ஜஸ்டின் காட்சியை அங்கேயே நிறுத்தினான்.

வித்யாவுக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. ஏழு மாதமாக அவள் பயந்தது இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான்.

குணசேகரன் கண் திறக்கவில்லை. "இன்னொரு தடவ."

ஜஸ்டின் போட்டான். மறுபடியும் சொன்னாள். கிளம்பறேன்.

"இப்ப பாப்பாவோடது."

அதே வாசல், அதே விரல், அதே அழுகை. "நான் கிளம்பல அத்தை. இந்த வீட்டுல எனக்கு வேலை இருக்குது."

அவர் சட்டென்று நிமிர்ந்தார். "நிறுத்து. பின்னால போ. அழுகைலேர்ந்து போடு." கேட்டார். "அவளோடதுல அழுகைலேர்ந்து." கேட்டார். இரும்பைத் தட்டும்போது வைத்துக்கொள்ளும் அந்தச் சாய்ந்த தலையோடு, மூன்று தடவை மாற்றி மாற்றிக் கேட்டார்.

"ரெண்டும் ஒரே அழுகை."

"ஆமாண்ணே."

"ரெண்டுலயும் அவதான் அழுவுறா."

"அழுகைய ஏன் மாத்தணும்? அதுல வசனமா இருக்குது? சேனல்காரன் வசனத்தத்தான மாத்தச் சொன்னான். ரெண்டே வரி. அந்த ரெண்டு வரிய மட்டும் பாப்பா பேசுச்சு. உதடு மாறாம, மூச்சு இடிக்காம, அக்கா அழுது முடிச்ச எடத்துலேர்ந்து எடுத்துச்சு. பதினொரு டேக் போச்சு. பன்னெண்டாவதுல நான் கண்ணாடியக் கழட்டிட்டேன்."

"உனக்குக் கண்ணாடி கழட்டறதே வேலையாப் போச்சு," என்றார் குணசேகரன். சொல்லிவிட்டு லேசாகச் சிரிக்கவும் செய்தார். வித்யா அப்போதுதான் மூச்சு விட்டாள்.

அவர் பையிலிருந்து இரண்டு காகிதத்தையும் எடுத்து மிக்ஸர் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். காலையில் பெயரை ஒப்பிட்டார், எண்ணை ஒப்பிட்டார், தேதியை ஒப்பிட்டார். கீழே பொடி எழுத்தில் இருந்த காரணத்தை ஒப்பிடவில்லை. எந்த இன்ஸ்பெக்டரும் செய்யக்கூடாத தப்பு. இப்போது வாய்விட்டுப் படித்தார்.

மன்றம்: 'சொல்லே இல்லாத நாற்பது விநாடிகளுக்காக.'

பேரவை: 'உதட்டசைவு மாறாமல் மாற்று வசனத்தைப் பொருத்திய திறனுக்காக.'

"பத்திரிகைக்காரன் அழுகைக்கு ஓட்டுப் போட்டிருக்கான். தொழில்காரன் வேலைக்கு ஓட்டுப் போட்டிருக்கான். ரெண்டு பேருக்கும் காது சரியாத்தான் கீது. எனக்குத்தான் மாத்திக் கேட்டிருக்குது." பேனாவை எடுத்தார். "படிவத்த எடும்மா."

படிவத்தில் அச்சடித்திருந்தது: 'மேற்கண்ட காட்சியில் கேட்கும் குரல் முழுவதும் என் மனைவியுடையதே என உறுதியளிக்கிறேன்.'

"நைனா, கையெழுத்து மட்டும் போடு போதும். அழுகை அம்மாவோடதுதான? பொய்யில்லையே."

"'முழுவதும்'னு போட்டிருக்கான் பாரு."

"அத யாரு பாக்கப் போறா?"

"நான் பாத்துட்டேனே." பேனாவைக் கையில் உருட்டினார். "எங்க ஃபாக்டரில ஒரு பாகத்த ரீவொர்க் பண்ணா, மஞ்ச அட்டை கட்டுவோம். அதுல ரெண்டு பேரு எழுதணும். செஞ்சவன் பேரு, சீர் பண்ணவன் பேரு. ஒரு பேரோட வந்தா நான் முத்திரை போடமாட்டேன், எவ்ளோ நல்ல பாகமா இருந்தாலும் சரி. முப்பத்தொரு வருஷத்துல போட்டதில்ல. இப்ப உங்கம்மாவுக்குன்னு போட்டா, அவளே வந்து கேப்பா."

"அம்மா பேர எடுத்துட்டாங்கன்னா?"

"எடுக்கட்டும். இல்லாதத இருக்குதுன்னு எழுதி வாங்கற கோப்பை அவளுக்குக் குறைச்சல். உன்னை மறைச்சி வாங்கறது அதவிடக் குறைச்சல்."

'முழுவதும்' என்ற சொல்லை ஒரு கோடால் அடித்தார். கீழே இருந்த வெற்றிடத்தில், மஞ்சள் அட்டையில் எழுதும் அதே நிமிர்ந்த எழுத்தில் எழுதினார்:

'அழுகை என் மனைவி ஷோபனாவுடையது. சொற்கள் என் மகள் வித்யாவுடையவை. இரண்டையும் தனித்தனியே கேட்டுச் சரிபார்த்தேன். கு. குணசேகரன்.'

தேதி போட்டார். வித்யா அதைப் போனில் படமெடுத்து மன்றத்துக்கு அனுப்பினாள். இரண்டு தடவை எடுக்க வேண்டியிருந்தது, முதல் படம் கலங்கிவிட்டது. மணி நாலு இருபது.

"இப்ப உன் மெயில திரும்பப் பெறு."

"அனுப்புனத எப்டி நைனா…"

"ஐ.டி.ல இன்னாத்தப் படிச்ச? இன்னொரு மெயில் போடு. 'காலைல புத்தி இல்லாம எழுதிட்டேன், இப்ப வந்துடுச்சு'ன்னு போடு."

ஜஸ்டின் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு சிரித்தான். வித்யா கொஞ்சம் மரியாதையான சொற்களில் அதையே எழுதி அனுப்பினாள்.

"அம்மா கணக்குப்படி," என்றாள் போனைப் பைக்குள் வைத்தபடி, "ரெண்டு பட்டியல்லயும் வந்தவங்களுக்கு ரெண்டுலயும் கிடைக்காது."

"ஒரே பேரு வந்தாதான் அந்தக் கணக்கு. இது ரெண்டு பேரு. இதுக்கு அவ கணக்கு சொல்லிட்டுப் போவல."

படி இறங்கும்போது ஜஸ்டின் பின்னால் வந்து ஒரு பென்டிரைவை நீட்டினான். "அக்கா பேசுனது. முழுசா இருக்குது. நீங்க வெச்சிக்கங்க."

குணசேகரன் வாங்கிச் சட்டைப் பையில் போட்டார். கேட்பாரா மாட்டாரா என்று அவன் கேட்கவில்லை.

*

கள்ளிக்குப்பம் திரும்பும் வழியில், அம்பத்தூர் ஓ.டி. சிக்னலில் நிற்கும்போது போன் அடித்தது. பின்சீட்டிலிருந்து வித்யா எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"சார், விமர்சகர் மன்றச் செயலாளர் மதிவதனி பேசறேன். உங்க படிவம் கிடைச்சுது." பெண் குரல், நிதானமாக இருந்தது. "இந்த மாதிரி எங்களுக்கு வந்ததே இல்ல சார். விதியில ஒரு பேருக்குத்தான் இடம். நான் தனியா முடிவு பண்ண முடியாது. வியாழக்கிழமை குழு கூடுது, அதுல வைக்கிறேன்."

"வைங்கம்மா."

"பேரு போகலாம் சார். அதையும் இப்பவே சொல்லிடணும் இல்லையா?"

"புரியுது."

"இன்னொண்ணு." செயலாளர் சற்றுத் தயங்கினார். "பேரவைக்கும் எங்களுக்கும் ஒன்பது வருஷமாப் பேச்சு இல்ல. ரெண்டு பட்டியல்லயும் ஒரே காட்சி இருக்கறதால, இப்ப நான் அவங்களுக்குப் போன் பண்ணியாகணும். அங்க யாரு எடுப்பாங்கன்னுகூட எனக்குத் தெரியல." அதற்குள் பின்னால் யாரோ கூப்பிட, வைத்துவிட்டார்.

சிக்னல் பச்சையானது. பின்னாலிருந்து நாலு ஹாரன் ஒரே நேரத்தில் அடித்தன.

"பேரவைலேர்ந்து பதில் வந்துச்சா?" என்று கேட்டார் குணசேகரன்.

"இன்னும் இல்ல."

"வரும்."

வீட்டில் சரசா கூடத்தைப் பெருக்கி, விளக்கேற்றி, ரசம் வைத்திருந்தாள். தம்பியையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் எங்கடா ஊர் சுத்திட்டு வரீங்க? கையெழுத்துப் போட்டியா?"

"போட்டேன்."

"யாருக்குக் கெடைக்கும்?"

"வியாழக்கிழம தெரியும்."

"அம்மாவுக்கு வந்தாலும் நம்ம ஊட்டுக்கு. பொண்ணுக்கு வந்தாலும் நம்ம ஊட்டுக்கு. ரெண்டும் வரலன்னா நான் இருக்கேன் முறுக்கோட," என்றாள் சரசா. "வாங்க, ஆரம்பிச்சிடுச்சி."

ஈரக்கோலம் ஓடியது. அமுதா இப்போது மாமியாரோடு சமாதானமாகி, இருவருமாகச் சேர்ந்து வேறொருத்தியைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குரல் மகளுடையது. குணசேகரன் அதைத் தலை சாய்க்காமல், நேராக உட்கார்ந்து கேட்டார். முதல்முறையாக அதை வித்யாவின் குரலாகவே கேட்டார். கொஞ்சம் மெல்லியது. கடைசிச் சொல்லை அம்மா மாதிரி இழுக்காது, வெட்டி நிறுத்தும். நன்றாகத்தான் இருந்தது.

சட்டைப் பையில் பென்டிரைவ் நெஞ்சில் உறுத்தியது. எடுத்து டிவிக்குக் கீழே, பென்சில்களுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"காலைலேர்ந்து சொல்றேன், ஒண்ணும் கேக்கலடா. ரெண்டு ஏத்தேன்," என்று சரசா ரிமோட்டுக்குக் கையை நீட்டினாள்.

வித்யா அதற்குமுன் எடுத்து அப்பாவிடம் கொடுத்தாள்.

"கிட்ட வந்து குந்து அக்கா," என்றார்.

சரசா முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்து உட்கார்ந்தாள். ரிமோட்டைக் கீழே வைக்கும்போது அவர் விரல் ஏதோ பொத்தானில் பட்டு, திரையின் ஓரத்தில் எண் ஒன்று தோன்றி மறைந்தது.

பதினாலு.